தோள் மூட்டில் சீழ் பிடித்திருக்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

முழங்காலில் சீழ் பிடித்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். பந்து மாதிரி வீங்கி, தோல் சிவந்து பளபளவென்று இருக்கும், தொட்டால் சுடும். தோள்பட்டையில் இது எதுவுமே வெளியே தெரியாமல் போகலாம். டெல்டாய்டு என்கிற தடித்த தசை தோளைக் கம்பளி மாதிரி மூடியிருக்கிறது, அதற்குக் கீழே கையைச் சுழற்றும் நான்கு தசைகளின் நாண்கள் மூட்டைச் சுற்றி ஒரு அடுக்காகப் பிடித்திருக்கின்றன, இவ்வளவுக்கும் உள்ளேதான் பந்தும் கிண்ணமுமான அந்த மூட்டு இருக்கிறது. உள்ளே பத்து மில்லி சீழ் கோத்திருந்தால்கூட, சட்டையைக் கழற்றிப் பார்க்கும்போது இரண்டு தோளும் ஒரே மாதிரி இருக்கலாம்.

நான் பிசியோதெரபிஸ்ட், ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊரில் வேலை. "கை தூக்க முடியல" என்று தினமும் நாலைந்து பேர் வருவார்கள். பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர் (மூட்டுப் பை இறுகித் தோள் விறைத்துப்போவது), இல்லாவிட்டால் தசைநார் கிழிசல், அதுவும் இல்லாவிட்டால் கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு வலி. சீழ் பிடித்த தோள் அபூர்வமாகத்தான் வரும். வருடக்கணக்கில் பார்க்காத ஒன்று என்பதால் அது நம் நினைப்பிலேயே வராது, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு சீழில் ஊறினால் சில நாட்களிலேயே அரிக்க ஆரம்பித்துவிடும், அரித்துப்போனது திரும்ப வளராது. கிருமி ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. அதனால் இதை அவசர நோயாகத்தான் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

என்னிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அறுபது வயது இருக்கும், மஞ்சள் காட்டில் வேலை, சர்க்கரை நோய் வந்து பத்து வருடத்துக்கு மேல். வேறொரு இடத்தில் பார்த்துவிட்டு, "ஃப்ரோசன் ஷோல்டர், பத்து நாள் வெப்ப சிகிச்சை, பயிற்சி" என்று எழுதிய சீட்டோடு வந்தார். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு உறுத்தியது. வலது கையை உடம்போடு ஒட்டி வைத்து, முழங்கையை இடது கையால் குழந்தையைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டிருந்தார். மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக, இரண்டு விரல் அகலம்கூட இருக்காது, அவ்வளவுதான் வெளிப்பக்கம் திருப்பினேன். "வேண்டாங் கண்ணு, உட்ரு" என்று கண் கலங்கிவிட்டார்.

ஃப்ரோசன் ஷோல்டரில் இப்படி நடக்காது. அதில் கை ஒரு அளவு வரை வரும், அப்புறம் சுவரில் முட்டியது போல நின்றுவிடும், வலி அந்தக் கடைசி இடத்தில்தான். சும்மா வைத்திருந்தால் ஓரளவு அடங்கியும் இருக்கும். இவருக்கு முதல் அசைவிலிருந்தே வலி. எவ்வளவு நாளாக என்று கேட்டேன், "அஞ்சு நாளாத்தான்" என்றார். ஃப்ரோசன் ஷோல்டர் அஞ்சு நாளில் வராது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை இறுகும். காய்ச்சல் மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று கேட்டபோது, மெடிக்கலில் வாங்கிய பாராசிட்டமாலை வலிக்காக மூன்று வேளையும் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. காய்ச்சல் இருந்திருந்தாலும் அது அமுக்கிவிட்டிருக்கும்.

வெப்ப சிகிச்சை எதுவும் கொடுக்காமல் அன்றைக்கே ஆர்த்தோ டாக்டரிடம் கூட்டிப்போனோம். மீதியைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது

இந்த ஒரு சோதனையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வலிக்கிறவர் தன் கையைத் தளரவிட்டு, வேறொருவர் அதை மிக மெதுவாக, கொஞ்சமாக அசைக்கும்போது என்ன ஆகிறது? தசைநார் கிழிந்திருந்தால் தானாகத் தூக்கும்போது வலிக்கும், ஆனால் இன்னொருவர் தாங்கித் தூக்கினால் பெரும்பாலும் மேலே போகும். ஃப்ரோசன் ஷோல்டரில் யார் தூக்கினாலும் ஓரிடத்தில் நின்றுவிடும். சீழ் பிடித்த மூட்டில் எந்தத் திசையில், யார், எவ்வளவு சின்னதாக அசைத்தாலும் உயிர் போகிற வலி. மூட்டுப் பை முழுக்க அழுத்தத்தில் விறைத்திருப்பதுதான் காரணம். படுத்தாலும் வலிக்கும், ராத்திரி தூக்கம் போய்விடும். இதை வீட்டில் பலமுறை செய்து பார்க்காதீர்கள். ஒரு முறை தெரிந்தால் போதும், கிளம்பிவிடுங்கள்.

இதே சோதனை இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கும். தோளில் வலி, கூடவே குளிர் காய்ச்சல், ஆனால் கையை எப்படி அசைத்தாலும் வலி கூடுவதில்லை என்றால் பிரச்சினை தோளில் இல்லாமல் இருக்கலாம். கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தால் வலி வலது தோளில் தெரியும், பித்தப்பை அழற்சியிலும் அப்படித்தான். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசைக்குப் போகும் நரம்பும் தோள்பட்டைத் தோலுக்கு வரும் நரம்பும் கழுத்தில் ஒரே மட்டத்திலிருந்து கிளம்புவதால், வயிற்றில் நடப்பதை மூளை தோள் வலி என்று எடுத்துக்கொள்கிறது. இடது தோளிலும் கையிலும் திடீரென்று வலி, கூடவே வியர்வை, நெஞ்சு அடைப்பு என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காய்ச்சலை நம்பாதீர்கள். மூட்டில் சீழ் பிடித்த பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் காய்ச்சல் இருக்கும். வயதானவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் உடம்பு சூடேறாமலே உள்ளே நோய் முற்றலாம்.

ஒரு மூட்டா, பல மூட்டா என்பதையும் பாருங்கள். சிக்குன்குனியா வந்தவருக்கு விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று எல்லாம் சேர்ந்து வலிக்கும். சீழ் பெரும்பாலும் ஒரே மூட்டில் வரும். ஆனால் முடக்குவாதம் உள்ளவர்களிடம் ஒரு பொறி இருக்கிறது. அவர்களுக்கு எப்போதும் பத்து மூட்டு வலிக்கும், திடீரென்று ஒரு தோள் மட்டும் மற்றதையெல்லாம் மீறி வலித்தால் "பழைய வாதம்தான் கூடியிருக்கு" என்று மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார்கள். அந்த மருந்தே நோய் எதிர்ப்பைக் குறைத்து, கிருமிக்கு வசதி செய்து கொடுத்துவிடும்.

கிருமி எப்படி உள்ளே போகிறது?

பெரும்பாலும் ரத்தம் வழியாக. காலில் ஆறாத புண், சிறுநீரில் கிருமி, பல் வேரில் சீழ், கையில் போட்ட ஊசிக் குழாய் என்று எங்கிருந்தாவது கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டுக்கு வந்து சேரும். மூட்டின் உள்சவ்வில் ரத்தக் குழாய்கள் அதிகம், அவற்றுக்கு வடிகட்டும் அடிச்சவ்வும் இல்லை, அதனால் கிருமி எளிதாக உள்ளே நுழைந்துவிடும். பெரியவர்களில் அதிகம் பிடிபடுவது ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாக இருக்கும் அதே கிருமி. அந்த அம்மாவின் குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்தது. மண்ணில் வேலை செய்கிற கால், சர்க்கரையால் உணர்ச்சி மரத்துப்போன கால், அதில் புண் ஆனதே அவருக்குத் தெரியவில்லை.

சேற்றிலும் வயலிலும் இறங்குகிற சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்றும் வரலாம், மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது, மழைக்காலத்தில் கூடும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. மூட்டு, எலும்பு, நுரையீரல், கல்லீரல் எங்கு வேண்டுமானாலும் சீழ் வைக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைச் சூடோமோனாஸ் வகை என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு, வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகளும் இதற்கு வேலை செய்யாது. அதனால் வயல் வேலை செய்கிறவர் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்த வழி நேரடியாக உள்ளே போவது, அதாவது ஊசி, அறுவை சிகிச்சை, காயம். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டபின் கிருமி தொற்றுவது மிக அரிது, அதனால் ஊசிக்குப் பயப்பட வேண்டாம். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ வலி கூடி இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கினால் அது மருந்தின் உறுத்தல்தான். நாலைந்து நாள் கழித்து வலி புதிதாக ஆரம்பித்து நாளுக்கு நாள் ஏறினால் காத்திருக்கக் கூடாது, ஊசி போட்டவரிடமே திரும்பிப் போக வேண்டும்.

ரத்தப் பரிசோதனை எவ்வளவு சொல்லும்?

ஓரளவுதான். சிஆர்பி என்பது உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று காட்டும் ஒரு புரதம். கிருமி புகுந்த சில மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், நோய் அடங்கினால் வேகமாக இறங்கும். ஈஎஸ்ஆர், அதாவது ரத்தச் சிவப்பணு குழாயில் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்க்கும் சோதனை, ஒரு சோம்பேறி, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், ரத்தசோகை இருந்தாலும் வயதானாலும் கர்ப்பமாக இருந்தாலும்கூட ஏறும். சிஆர்பி ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது அளவு எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். சில லேபில் லிட்டருக்கு மில்லிகிராம், சில லேபில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். முதலாவதில் 60 என்று வருவது இரண்டாவதில் 6 என்று வரும், இரண்டும் ஒன்றுதான். "போன வாரம் 60, இந்த வாரம் 6, நல்லாயிடுச்சு" என்று இரண்டு வெவ்வேறு லேப் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்ட குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை சாதாரணமாக இருந்தாலும் மூட்டில் சீழ் இருக்கலாம். ஒன்று மட்டும் ரத்தத்தில் அவசியம் பார்க்க வேண்டியது, ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று லேபில் வளர்த்துப் பார்ப்பது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுப்பார்கள். மூட்டில் கிருமி பிடிபடாவிட்டாலும் சில பேருக்கு இதில் பிடிபடும்.

எக்ஸ்ரே ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாது, எலும்பு அரித்தது படத்தில் தெரிய பத்து நாளுக்கு மேல் ஆகும். ஆனாலும் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முதல் நாளே ஒன்று எடுத்து வைப்பது நல்லது. அல்ட்ராசவுண்ட் மலிவு, வேகமானது, உள்ளே நீர் இருக்கிறதா என்று சொல்லிவிடும், அந்த நீர் சீழா வேறெதுவுமா என்று சொல்லாது. எம்ஆர்ஐ எலும்புக்குள் கிருமி இறங்கியதையும் தசைகளுக்கு இடையே சீழ் ஒதுங்கியதையும் காட்டும். எம்ஆர்ஐக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று இரண்டு நாள் காத்திருந்து, அதற்குள் ஊசி போட்டு நீர் எடுக்காமல் விடுவதுதான் தப்பு.

ஊசியில் வரும் நீர்

உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மூட்டுக்குள் ஊசியை விட்டு நீரை உறிஞ்சிப் பரிசோதிப்பது. அந்த அம்மாவுக்கு டாக்டர் செய்தபோது நான் பக்கத்தில் நின்று கையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். தோளின் பின்பக்கம், தோள்பட்டை எலும்பின் வெளிமூலையைத் தடவிக் கண்டுபிடித்து, அதிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் கீழே, ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, அங்கே மரத்துப்போக மருந்து போட்டு, கொஞ்சம் பருமனான ஊசியை முன்பக்கம் இருக்கும் கொரக்காய்டு எலும்பைக் குறிவைத்து இறக்கினார். சீழ் கெட்டியாக இருந்தால் மெல்லிய ஊசியில் ஏறாது, அதற்காகத்தான் பருமனான ஊசி. சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்ததும் முதலில் ஒன்றும் வரவில்லை, ஊசியைக் கொஞ்சம் திருப்பியதும் மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் கலங்கலாக ஏறியது, கிட்டத்தட்ட பன்னிரண்டு மில்லி. நீர் வெளியேறியதுமே அந்த அம்மா பெருமூச்சு விட்டார். உள்ளே அழுத்தம் குறைந்ததுமே வலியில் கொஞ்சம் இறங்கிவிட்டது.

நல்ல மூட்டு நீர் எப்படி இருக்கும் தெரியுமா? வைக்கோல் நிறத்தில், கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தை வாசிக்க முடிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். ஊசி முனையிலிருந்து சொட்டவிட்டால் உடனே விழாது, தேன் மாதிரி ஒரு நூலாக நீண்டுதான் விழும். அதில் இருக்கும் ஹயலுரானிக் அமிலம் கொடுக்கும் வழவழப்பு அது. அழற்சி வந்தால் அந்த அமிலம் சிதைந்து, நீர் தண்ணீர் மாதிரி டப் டப்பென்று சொட்டும். அன்று சொட்டியதும் அப்படித்தான்.

அப்புறம் லேப். நல்ல நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200க்கும் குறைவான வெள்ளணுக்கள்தான் இருக்கும். 50,000ஐத் தாண்டி, அதில் பெரும்பகுதி நியூட்ரோஃபில் (பாக்டீரியாவை எதிர்க்க முதலில் வரும் வெள்ளணு வகை) என்றால் சீழ் என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குவார்கள். அந்த அம்மாவுக்கு 80,000க்கு மேல் இருந்தது. ஆனால் இந்த 50,000ஐ ஒரு வேலி மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஆரம்ப நாட்களிலும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிலும், ஏற்கனவே ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிலும் 20,000, 30,000 என்றுகூட இருக்கலாம். கௌட் (யூரிக் அமிலப் படிகம் மூட்டில் சேர்வது) மாதிரி படிக நோய்களில் கிருமியே இல்லாமல் 50,000ஐத் தாண்டவும் செய்யும். அதனால் நீரை நுண்ணோக்கியில் வைத்துப் படிகம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். படிகம் தெரிந்துவிட்டது, அப்போ கிருமி இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, இரண்டும் ஒரே மூட்டில் சேர்ந்து இருந்ததுண்டு.

கிராம் ஸ்டெயின் என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லும், கிருமி தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை, நிறையப் பேருக்குத் தெரியாமலே போகும். கடைசிச் சொல் கல்ச்சருடையது. நீரை ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் கொஞ்சம் விட்டு அனுப்பினால் கிருமி வளர வாய்ப்பு கூடும். அந்த அம்மாவின் நீரில் இரண்டு நாளில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பட்டியலும் கூடவே வந்தது. அதற்கு முன்பே, நீர் எடுத்த அன்று ராத்திரியே அவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் துளை வழியாக மூட்டைக் கழுவிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீர் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் போடாதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரை, மூட்டில் இருக்கும் சீழைக் குணமாக்காது, ஆனால் கல்ச்சரில் கிருமி வளராமல் செய்துவிடும். அப்புறம் எந்தக் கிருமி என்றே தெரியாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். இதற்கு ஒரே விதிவிலக்கு, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்குப் போராடும் நிலை. அப்போது ரத்தக் கல்ச்சரை எடுத்துவிட்டு டாக்டர்கள் உடனே மருந்தை ஏற்றுவார்கள், அது சரிதான்.

அதேபோல, சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். சுடு ஒத்தடம் வேண்டாம். சீழ் உள்ள மூட்டை அமுக்கித் திருகுவது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சீட்டில் எழுதியபடி நான் வெப்ப சிகிச்சையும் பயிற்சியும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

காசநோய்: மெதுவாக வரும் வேஷம்

மேலே சொன்னது நாட்கணக்கில் வருவது. நம் ஊரில் மாதக்கணக்கில் வரும் இன்னொன்று இருக்கிறது, தோளில் காசநோய். இது அச்சு அசலாக ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரியே நடிக்கும். உலர் வகை என்று ஒன்று உண்டு, அதில் சீழே வராது, வீங்காது, சுடாது, மூட்டு உள்ளுக்குள்ளேயே காய்ந்து அரித்துக்கொண்டே போகும். இருமல், எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு ஃப்ரோசன் ஷோல்டரும் அதிகம், காசநோயும் அதிகம். அதனால்தான் இந்தக் குழப்பம்.

எனக்குச் சந்தேகம் வருவது தசையைப் பார்த்துத்தான். ஃப்ரோசன் ஷோல்டரில் தசை கொஞ்சம் மெலியும். காசநோயில் டெல்டாய்டு கரைந்தே போய், தோளின் உருண்டை வடிவம் போய் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பேன். மூன்று நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகும் கொஞ்சமும் முன்னேறாமல் இன்னும் மோசமாகும் ஒவ்வொரு தோளுக்கும் ஒரு எக்ஸ்ரேயாவது புதிதாக எடுக்கச் சொல்கிறேன். மூட்டைச் சுற்றி எலும்பு வெளிறி, ஓரங்களில் எலி கடித்தது போல அரித்து, மூட்டு இடைவெளி மட்டும் ரொம்ப நாளைக்குக் குறையாமல் இருப்பது காசநோயின் அடையாளம். இதை உறுதி செய்யச் சவ்வில் சிறு துணுக்கு எடுத்துத் திசுப் பரிசோதனை, சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), காசநோய்க் கல்ச்சர் மூன்றுக்கும் அனுப்ப வேண்டும். சிபிநாட் சில மணி நேரத்தில் பதில் சொல்லும், முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்றும் சேர்த்துச் சொல்லும். கல்ச்சருக்கு ஆறு வாரம் வரை ஆகும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். தெரியாமல் இந்த மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி கொஞ்ச நாள் குறைந்து, நோய் உள்ளே வேகமாகப் பரவும்.

பச்சைக் குழந்தை

பிறந்து சில வாரமே ஆன குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காமல் போட்டிருந்தால், பிரசவத்தில் நரம்பு இழுபட்ட கை என்று நினைப்பார்கள். நரம்பு இழுபட்டிருந்தால் அது பிறந்த அன்றே தெரியும். நன்றாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று ஆட்டாமல் விட்டு, சட்டை மாட்டும்போது வீரிட்டு அழுதால் மூட்டில் சீழ் இருக்கலாம். குழந்தைக்கு மேற்கை எலும்பின் வளரும் பகுதி மூட்டுப் பைக்குள்ளேயே இருப்பதால், எலும்பில் வந்த கிருமி நேராக மூட்டுக்குள் கொட்டிவிடும். இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

மாற்று மூட்டு வைத்தவர்கள்

இது தனிக் கதை. தோளில் செயற்கை மூட்டு வைத்தவர்களில் ஒரு சிறு பங்குக்குக் கிருமி தொற்றும். அந்தக் கிருமி பெரும்பாலும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ், முகப்பருவோடு தொடர்புடையது. தோள், முதுகு, அக்குள் பகுதியில் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் ஆழமாகக் குடியிருப்பதால் மேலே எவ்வளவு மருந்து தடவித் துடைத்தாலும் முழுக்கப் போகாது. ஆண்களுக்கு இன்னும் அதிகம். இது ரொம்ப மெதுவான கிருமி. பெரும்பாலும் சீழ் வைக்காது, காய்ச்சல் வராது, சிஆர்பியும் ஈஎஸ்ஆரும் பல நேரம் நார்மலாகவே இருக்கும், ஊசி போட்டால் பல நேரம் நீரே வராது. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து, நன்றாக இருந்த தோள் காரணமில்லாமல் வலிக்கும், இறுகும், எக்ஸ்ரேயில் மேற்கை எலும்பில் பதித்த தண்டு ஆட்டம் கண்டிருக்கும். அவ்வளவுதான் அறிகுறி.

இதனால் அளவுகோலே மாறிவிடுகிறது. செயற்கை மூட்டில் 50,000 வரை காத்திருக்க மாட்டார்கள், நீரில் 3,000 வெள்ளணு தாண்டினாலே சந்தேகப்படுவார்கள். 2018ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பல நாட்டு நிபுணர்கள் கூடித் தோளுக்கென்றே ஒரு மதிப்பெண் முறையை ஏற்படுத்தினார்கள். மூட்டிலிருந்து தோல் வரை சீழ்ப்பாதை இருந்தாலோ, மூட்டுக்குள் கண்ணால் பார்க்கும்படி சீழ் இருந்தாலோ, வீரியமுள்ள ஒரே கிருமி இரண்டு மாதிரிகளில் வளர்ந்தாலோ சந்தேகமே இல்லை, தொற்றுதான். அப்படி இல்லாதவர்களுக்குக் காயத்தில் எதிர்பாராத கசிவுக்கு இவ்வளவு, ஆடும் தண்டுக்கு இவ்வளவு, ஏறிய சிஆர்பிக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணைக் கூட்டி, 6 வந்தால் தொற்று இருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிருமியும் வளர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மறு அறுவை சிகிச்சையில் ஒரு துணுக்கு போதாது, வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து துணுக்காவது எடுப்பார்கள். ஒன்றில் மட்டும் வளர்ந்தால் அது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டதாகக்கூட இருக்கலாம், இரண்டு மூன்றில் ஒரே கிருமி வளர்ந்தால் நம்பலாம்.

வழக்கமாக லேபில் கல்ச்சரை ஐந்து நாள் வைத்திருந்து "வளர்ச்சி இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கிருமிக்கு அது போதாது, ஆக்சிஜன் இல்லாத சூழலில் 14 நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். தோளில் மாற்று மூட்டோ பிளேட்டோ இருக்கிறது, 14 நாள் வையுங்கள் என்று டாக்டர் சீட்டில் எழுதினால்தான் லேபுக்குத் தெரியும். எழுதியிருக்கிறாரா என்று நீங்களும் ஒரு வார்த்தை கேட்கலாம், தப்பில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

வலி என்றைக்கு ஆரம்பித்தது, தேதி சொல்லுங்கள். தோளில் எப்போதாவது ஊசி, அறுவை சிகிச்சை, பிளேட் உண்டா, சர்க்கரை உண்டா, காலிலோ தோலிலோ புண் உண்டா, டயாலிசிஸ் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, இதெல்லாம் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு போனால் நல்லது, அன்றே மூட்டைக் கழுவ வேண்டியிருந்தால் மயக்க மருந்துக்கு வசதி. ஆனால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டாம், வலி ராத்திரி ஆரம்பித்தால் காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். ஏற்கனவே ஏதாவது மாத்திரை போட்டிருந்தால், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதில் ஆன்டிபயாடிக் இருந்தால், கல்ச்சரில் கிருமி வளராததற்கு அதுதான் காரணமா என்று டாக்டர் யோசிக்க முடியும்.